குறை சொன்னவள்

"அத அனுப்புனா வண்டியில ஒரு எடம் வீணு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே ஜெப்பு கூடாரத்தின் வாசலில் குந்தினாள். உள்ளே வா என்று யாகனா சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் வந்திருக்கப்போவதில்லை. 'அது' என்று அவள் சொன்னது ஒரு பெண்ணை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். பெயர் கும்போ. வியாழக்கிழமை காலை முகாம் வண்டியில் முபி ஊருக்குப் போகவேண்டியவள்.

யாகனா கியாரி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. மைதுகுரி நகரத்தின் ஓரத்தில், பாதி கட்டிக் கைவிட்ட ஆசிரியர் குடியிருப்பில், சொந்த ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எது, எப்போது, யார் மூலமாக வரவேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. ஒழுங்கு என்பது பேச்சுக்குத்தான். அந்த வாரம் மூன்று தொண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று சொல்லாமல் வாளி கொடுத்துவிட்டுப் போயிருந்தன. ஜனங்கள் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் துணி வைத்து, இன்னொன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். சோப்பை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. 'கொடுத்தார்களா, கொடுத்ததாகச் சொன்னார்களா, கொடுத்தது எங்கே போயிற்று' என்று மூன்று கேள்வியையும் வரிசையாக எழுதி வைத்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"ஏன் வீணு?"

"ஒடம்பு வணங்காது அதுக்கு" என்றாள் ஜெப்பு. "தண்ணிக்கு அனுப்புனா பொழுது சாஞ்சுதான் வரும். போன மாசம் ஒரு சட்டிய ஒடச்சுச்சு. ராத்திரி பல்லக் கடிக்கும். தின்னுறது மட்டும் ரெண்டு ஆளு. அந்த முபிக்காரரு பாவம், கூட்டிட்டுப் போயி என்ன பண்ணப் போறாரு. நாலே நாளுல வெறுத்துருவாரு."

யாகனாவின் காது நிமிர்ந்தது. அவள் அப்பா மைதுகுரி சந்தையில் தொப்பி வியாபாரி. தொழுகை வரிசையில் நிற்கப் பழகும் முன்பே கடையில் உட்காரப் பழகியவள் அவள். தொப்பியைக் கையில் எடுத்து, 'அடடா என்ன வேலைப்பாடு' என்று உருகுகிறவன் அதை வைத்துவிட்டுப் போய்விடுவான். நூல் பிரிந்திருக்கிறது, சாயம் ஒட்டும், இதைப் போட்டால் கழுதையும் சிரிக்கும் என்கிறவன்தான் கடைசியில் வாங்குவான். குறை சொல்கிற வாயைப் பார்த்துத்தான் விலையை ஏற்ற வேண்டும். இந்த ஃபுலானிக்காரிக்கு அந்தப் பெண் வேண்டும். சட்டியை உடைக்கிற, பல்லைக் கடிக்கிற அந்தப் பெண்ணே வேண்டும். எதற்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

"நீ யாரு அதுக்கு?"

"நான் யாரு. பக்கத்துக் கூரை."

"சொந்தமா?"

"எங்க ஆளுங்கதான்."

"எந்த வகையில?"

"ஆளுங்க வகையில" என்றாள் ஜெப்பு. பிறகு எழுந்து, துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். போகிறபோது கூடாரத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "கனூரிக்காரங்க கட்டுன கூடாரமா, அதான் கோணலா நிக்குது" என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. யாகனாவின் கனூரி இனத்துக்கும் ஜெப்புவின் ஃபுலானி இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டலாம். பிணம் கிடக்கிற வீட்டில்கூடத் தட்டலாம். பதிலுக்குத் தட்டத் தெரியாதவன்தான் மானம் கெட்டவன். இதில் யாகனாவுக்கு இருந்த ஒரே சங்கடம், கேலி பேசுகிறவர்களின் வாயிலிருந்து நிஜம் எப்போது வருகிறது என்று தெரியாததுதான். வராமலே இருக்கவும் கூடும்.

பதிவேட்டைப் புரட்டினாள். ஏழாம் வரிசை, ஜெப்பு, கணவன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. மூத்தது ஹமிது, வயது ஒன்பது. இளையது கைக்குழந்தை. 'முதல் பிள்ளை யார்' என்ற இடத்தில் ஹமிது என்று எழுதி, கீழே ஜெப்புவின் கட்டைவிரல் ரேகை. அதே வரிசையில் இரண்டு கூரை தள்ளி டாக்கோ என்றொருத்தி இருந்தாள். அவளுடைய தானிய அட்டையில்தான் கும்போவின் பெயர். உறவு என்ற கட்டத்தில் 'வளர்க்கிறவள்' என்றிருந்தது. மழைக்குப் பிறகு வந்த காலராவில் டாக்கோ போய்விட்டாள். அட்டைக்காரி செத்ததும் கும்போ தாளில் தனிப் பிள்ளை ஆகிவிட்டாள். தனிப் பிள்ளையை முகாமில் அப்படியே விட்டுவைக்க விதியில்லை. உறவைத் தேட வேண்டும். வானொலியில் பெயர் வாசித்தார்கள். பத்தே நாளில் முபியிலிருந்து ஒரு சித்தப்பா முளைத்தார். மேலிடத்தில் சந்தோஷம். மாசக் கடைசிக்குள் தனிப் பிள்ளைகள் கணக்கு சைபர் ஆக வேண்டும் என்று அங்கே ஒருவருக்கு ஆசை.

மாலையில் முகாமின் தலைவர் புலாமா கவுமியைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஊரில் வார்டுத் தலைவராக இருந்தவர். ஊர் போனாலும் புலாமா என்ற பட்டம் போகவில்லை. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு அவர் தாடியைத் தடவினார்.

"அம்மா, நான் சொன்னா நீ நம்ப மாட்ட."

"நம்புற மாதிரி சொல்லுங்க."

"அது ஜெப்புவோட தலைப்பிள்ள."

யாகனா சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

ஃபுலானிப் பெண்கள் தலைப்பிள்ளையைத் தன்னுடையது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நாலு பேர் முன்னால் மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டார்கள். அது விழுந்து அழுதால் பக்கத்து வீட்டுக்காரிதான் தூக்க வேண்டும். புருஷன் வீட்டில் யாராவது ஒருத்தி அதை வளர்ப்பாள். அது வெட்கம், அதுதான் மரியாதை. மீறினவளைச் சிரித்தே கொன்றுவிடுவார்கள். இதெல்லாம் யாகனாவுக்குத் தெரியாததில்லை. மைதுகுரியில் பிறந்த யாருக்குத் தெரியாது. ஆனால் போன எண்ணிக்கை நாளில் நடந்ததும் அவளுக்குத் தெரியும்.

எண்ணிக்கை நாள் என்பது முகாமின் பெரிய திருவிழா. தலை எண்ணித்தான் தானியம் என்பதால் அன்றைக்குத் தலைகள் பெருகும். பக்கத்து முகாமிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவார்கள். விரலில் வைத்த மையை எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அதே பிள்ளையை மறுபடி வரிசையில் நிறுத்துவார்கள். ஒரு பையன் அன்றைக்கு ஐந்து தாய்க்குப் பிறந்தான். யாகனாவுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பட்டதாரி மிக நல்லவர்; அவர் காலத்தில் முகாமில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள், தாளில் மூவாயிரம். யாகனா வந்ததும் இரண்டு முகாமையும் ஒரே நேரத்தில் எண்ண வைத்தாள். அப்போதுதான் பதினோரு ஃபுலானிப் பெண்களின் சார்பில் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து, 'இதுவும் அவளோடதுதான், தலைப்பிள்ள, பாவம் அவளால சொல்ல முடியாது' என்றார்கள். விசாரித்ததில் எட்டுப் பிள்ளைகளின் தாய்மார்கள் பக்கத்து முகாமில் தங்கள் பிள்ளையைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே யாகனா ஒரு விதி போட்டாள். தலைப்பிள்ளையானாலும் சரி, கடைப்பிள்ளையானாலும் சரி, என் பிள்ளை என்று இரண்டு சாட்சி முன்னால் தாயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், ரேகை வைக்க வேண்டும். பொய் ரேகை வைத்தது பின்னால் தெரிந்தால் அந்த அட்டை ஆறு மாதத்துக்குச் செல்லாது. விதி நன்றாக வேலை செய்தது. மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கொஞ்ச நாள் கழித்துத்தான் அவளுக்கு அதில் ஒரு பொத்தல் தெரிந்தது. பொய் சொல்கிறவளுக்கு வாய் கூசாது, வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். நிஜத் தாய்க்குத்தான் வாய் வராது. பொத்தல் தெரிந்தும் அவள் விதியை மாற்றவில்லை. மாற்றினால் மறுநாளே ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தலைப்பிள்ளைகள் ஆகிவிடும்.

"அந்தக் கதய எங்கிட்டயே சொல்றீங்களா?" என்றாள் புலாமாவிடம்.

"கததான். ஆனா சில சமயம் நடந்ததும் கத மாதிரியே இருக்குமே. நான் என்ன பண்ண?"

"உங்களுக்கு அந்தப் பொண்ணு இங்க இருந்தா என்ன லாபம்?"

புலாமாவுக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஒரு காலத்தில் வெங்காயம் விற்றவர். "ஒரு தலை கூடுனா எனக்கு ஒரு ஆளு கூட. ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஒரு தலைக்காகப் பொய் சொல்ற அளவுக்கு என் நெலம இன்னும் எறங்கல. பத்துத் தலைன்னா யோசிப்பேன்" என்றார்.

அடுத்த நாள் காலை சித்தப்பா வந்து இறங்கினார். யுகுடா என்று பெயர். முபி மாட்டுச் சந்தையில் தரகு. வெளுத்த அங்கி, வாசனைத் தைலம், கையில் ஒரு தோல் பை. உட்கார்ந்ததும் பையைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். வார்டுத் தலைவர் கடிதம், சந்தைச் சங்கத்தின் கடிதம், பள்ளிவாசல் கடிதம், அது போதாதென்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் கடிதம். எல்லாவற்றிலும் முத்திரை. ஒன்றில் முத்திரைமேல் முத்திரை. யாகனா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, எங்க வீட்டுப் பொண்ண எங்க வேலக்காரங்க கையில இத்தன நாளு விட்டு வச்சதே தப்பு" என்று யுகுடா கேலியை ஆரம்பித்தார்.

"வேலக்காரங்க சோறு போட்டிருக்கோம். எசமான் கூலிய வச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் யாகனா.

அவர் வாய் விட்டுச் சிரித்தார். நல்ல பல். பிறகு கேள்விகளுக்கெல்லாம் தடையில்லாமல் பதில் சொன்னார். பெண்ணின் அப்பா பெயர் புபா, தன் பெரியப்பா மகன், ஊரைத் தாக்கிய அன்றைக்கே சுட்டுவிட்டார்கள். பெண்ணின் இடது முழங்காலில் தீக்காயம், பால் காய்ச்சுகிற அடுப்பில் சின்ன வயதில் விழுந்தது என்று கேள்வி. தாய்? தாயும் இறந்துவிட்டாள், எல்லாரும் இறந்துவிட்டார்கள்.

"தாயோட பேரு?"

"நான் முபிக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா. அண்ணன் கட்டுனது அதுக்கப்புறம். கல்யாணத்துக்குக்கூட நான் போகல, அந்த வாரம் சந்தையில மாட்டு நோய்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கும்போவப் பத்திக் கேள்விப்பட்டுக்கிட்டேதான் இருந்தேன். தங்கமான பொண்ணு. எங்க குடும்பத்து வெளக்கு. என் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவேன்" என்றார்.

யாகனா பேனாவை மூடினாள். அந்தப் பெண்ணை அவர் இன்னும் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. பார்க்காத சரக்கை இப்படிப் புகழ்கிறவன் வாங்க வந்தவன் இல்லை, வேறெங்கோ விற்கப் போகிறவன் என்று சந்தை அவளுக்குச் சொன்னது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண். மாட்டுத் தரகன். தரகனுக்கு எத்தனையோ பெரிய மனிதர்களிடம் பழக்கம் இருக்கும். அல்லது இதெல்லாம் அவளுடைய அழுக்கு மனசு. செத்துப்போன அண்ணனின் பெண்ணுக்காக நாலு இடத்தில் காத்துக் கிடந்து கடிதம் வாங்கி வந்த ஒரு மனிதனை உட்காரவைத்துக்கொண்டு இவள் முத்திரையைச் சுரண்டிப் பார்க்கிறாள்.

முந்தைய வருஷம் அவள் இப்படிச் சுரண்டிப் பார்க்கவில்லை. சுத்தமான காகிதத்தோடு ஒரு அத்தை வந்தாள். எட்டு வயதுப் பெண் ஒன்றை யாகனாவே கைப்பிடித்து வண்டியில் ஏற்றினாள். மூன்று வாரம் கழித்து நலம் விசாரிக்கப் போனவர்கள், அந்த விலாசத்தில் வீடே இல்லை, ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது என்றார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை யாகனா வேறு யாரிடமும் சொல்வதில்லை.

யுகுடாவையும் ஜெப்புவையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்துவிடுவது என்று தோன்றியது. தண்ணீர்க் குழாயைக் காட்டுகிறேன் என்று அவரை ஏழாம் வரிசை வழியாகக் கூட்டிப்போனாள். ஜெப்பு கூரைக்கு வெளியே கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஃபுலானிகளும் தலையைக் குனிந்துகொண்டு நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு எப்படி, வெயில் எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, களைப்பு எப்படி, மாடுகள் எப்படி. ஜெப்புவுக்கு மாடு போய் இரண்டு வருஷம் ஆயிற்று. நல்லா இருக்கு என்றாள். அவர்கள் விசாரிப்பு முடிவதற்குள் யாகனாவின் நிழல் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்களும் அப்படித்தான் விசாரிப்பார்கள். தெரியாதவர்களும் அப்படித்தான்.

"யாரு அவங்க?" என்று வரும் வழியில் யுகுடா கேட்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

"மரியாதையான பொம்பள மாதிரி தெரியுது, அதான்."

கும்போவை அழைத்துக் கேட்டதிலும் பெரிய பலனில்லை. ஒல்லியான, நீண்ட கழுத்துள்ள பெண். வாளியில் உட்காரச் சொன்னதும் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தாள்.

"முபிக்குப் போறியா?"

"போகச் சொன்னாப் போறேன்."

"போக இஷ்டமா?"

கும்போ வாளியின் விளிம்பைத் தடவினாள்.

"ஜெப்பு உனக்கு யாரு?"

"அவங்க வீடு ஏழாம் வரிசையில இருக்கு."

"அதுவா கேட்டேன்?"

"எங்க வீட்டுலேருந்து ரெண்டு கூரை தள்ளி" என்றாள் கும்போ, இன்னும் துல்லியமாகச் சொன்னால் இந்த அம்மாள் விட்டுவிடுவாள் என்பதுபோல.

டாக்கோ செத்த பிறகு எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். யாரோ கதவுப் படுதாவுக்குள் ஒரு கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள், யார் என்று பார்த்ததில்லை என்றாள். தினமுமா. தினமும். இரண்டு மாதமாக யார் என்று பார்க்கவே இல்லையா என்று கேட்டதற்குக் கும்போ தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பொய்க்காரி, அல்லது நன்றாக வளர்க்கப்பட்டவள். இரண்டுக்கும் ஒரே முகம்.

கிண்ணத்தையும் யாகனா முழுசாக நம்பவில்லை. இன்னும் மூன்று வருஷத்தில் கல்யாண வயது. மாப்பிள்ளை வீட்டார் மாடு கொண்டுவந்தால் வளர்த்தவளுக்கும் ஒன்று உண்டு. தினம் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றி ஒரு மாட்டைப் பிடிக்கிற கணக்கை ஜெப்பு போட்டிருக்கமாட்டாள் என்று என்ன நிச்சயம். யாகனா அந்த இடத்தில் இருந்தால் போட்டிருப்பாள். அது அவளுக்கே கொஞ்சம் கசந்தது.

கடைசியில் அவள் சந்தையில் எல்லாரும் செய்கிறதைச் செய்வதென்று முடிவெடுத்தாள். விலை படியாதபோது சரக்கைக் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. நிஜமாக வேண்டும் என்கிறவன் பத்தடிக்குள் கூப்பிட்டுவிடுவான். பத்தடி தாங்கினால் இருபதடி. அதற்குமேல் எவனும் தாங்கியதை அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை வண்டி ஏழாம் வரிசைக்கே வந்து நின்றது. வழக்கமாக வாசலில்தான் நிற்கும். யாகனா ஒலிபெருக்கியில் கும்போவின் பெயரை, அப்பன் பெயரோடு, போகிற ஊரோடு, மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். ஜனம் கூடியது. கும்போ தன் சாமானை ஒரு வாளிக்குள் அடைத்துக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினாள். யுகுடா முன்னால் ஏறி அங்கியைச் சரிசெய்துகொண்டார். ஜெப்பு வேப்பமரத்தடியில் உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யாகனா அவள் எதிரே போய் நின்றாள். நேரடியாகக் கேட்டால் வாய் திறக்காது என்று தெரியும். கேலிக்கு அந்தக் கட்டு இல்லை.

"ஏ ஃபுலானிக்காரி, உன் பக்கத்துக் கூரைய நான் கொண்டுபோறேன். தடுக்கிறதுன்னா இப்பவே தடு."

"கொண்டு போ" என்றாள் ஜெப்பு. உலக்கை ஏறி இறங்கியது. "கனூரிக்காரங்க கொண்டுபோகாதது என்ன இருக்கு. எங்க தாத்தன் மாட்டுக் கழுத்து மணியக்கூட அவுத்துக்கிட்டுப் போனவங்கதான நீங்க."

"அந்த மாட்டையே எங்க தாத்தன்தான் உங்களுக்குக் குடுத்தான்."

"குடுத்தவங்க திருப்பிக் கேக்கக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாகனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த முகத்தைத் துழாவினாள். வியர்வை மட்டும் இருந்தது. கடைசியாக ஒரு தடவை விலையை இறக்கினாள். "ஒரே ஒரு வார்த்த. சொன்னா எறக்கி விட்டுர்றேன்."

"எத்தன வார்த்த பேசிட்டேன் உங்கிட்ட" என்றாள் ஜெப்பு. "சோம்பேறின்னு சொன்னேன், சட்டி ஒடைக்கும்னு சொன்னேன், தீனிப்பண்டாரம்னு சொன்னேன். நான் இவ்வளவு பேசி ஊருல யாரும் கேட்டதில்ல."

யாகனா வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் போ" என்றாள் ஓட்டுநர் ஜிப்ரினிடம்.

வண்டி நகர்ந்தது. பத்தடி. கூப்பிடவில்லை. இருபதடி. குழாயடியைத் தாண்டியது. யாகனா கண்ணாடியில் பார்த்தாள். ஜெப்புவின் முதுகு, ஏறி இறங்கும் உலக்கை. "இன்னும் மெதுவா" என்றாள்.

"அக்கா, இதவிட மெதுவான்னா பின்னாடிதான் போகணும்" என்றான் ஜிப்ரின்.

யுகுடா திரும்பிப் பார்த்து, "வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார். கும்போ வாளியைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து மட்டும் விறைத்திருந்தது. வாசல் தெரிந்தது. காவல்காரன் குறுக்குக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தையில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டால் பிறகு திரும்பி வருகிறவனுக்குத்தான் நஷ்டம். விலை சொல்கிற உரிமை மற்றவன் கைக்குப் போய்விடும். யாகனா வாழ்க்கையில் ஒரு தடவைகூட அப்படித் திரும்பியதில்லை. உலக்கைச் சத்தம் இங்கேயும் கேட்டது. தும், தும் என்று, ஒரே அளவில். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு அந்தச் சத்தத்தில் என்னவோ உறுத்தியது. தானியம் கிடக்கிற உரல் இவ்வளவு உரக்கப் பேசாது.

"நிறுத்து. ஒரு காகிதம் மறந்துட்டேன்."

இறங்கி நடந்தாள். ஜனம் இன்னும் கலையவில்லை. யாரையும் பார்க்காமல் வேப்பமரத்தடிக்குப் போய் உரலுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு மணி சோளம், ஒரு கம்பு, உமி, எதுவும் இல்லை. வெறும் மரம். ஜெப்பு அதைத்தான் அவ்வளவு நேரமும் இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மறந்துட்ட?" என்றாள் ஜெப்பு, இடியை நிறுத்தாமல்.

"ரேகை."

"அதான் வச்சுட்டேனே. ரெண்டு பிள்ளைன்னு."

அதுதான் சிக்கல். தாய் என்று யாகனா இன்றைக்கு எழுதினால் அந்தப் பழைய ரேகை பொய் ஆகும். பொய் ரேகைக்கு ஆறு மாதம் அட்டை செல்லாது. விதி போட்டவளே அவள்தான். ஹமிது, கைக்குழந்தை, இந்தப் பெண், மூன்று பேரும் எதைத் தின்பார்கள். எழுதாவிட்டால் வண்டி கிளம்பும். அட்டையைக் காப்பாற்றிக்கொண்டு பெண்ணையும் வைத்துக்கொள்ள ஒருத்தி இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக என்ன செய்ய முடியும் என்று அவளுக்குள்ளிருந்த வியாபாரி அப்போதும் கேட்டான். வெறும் உரலை இடித்தால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே இடித்திருந்தால்?

பின்னால் காலடி கேட்டது. கும்போ. வண்டிக் கதவை அவளே திறந்துகொண்டு இறங்கி வந்திருந்தாள். வாளியைத் தரையில் வைத்தாள். மரத்தில் சாய்த்து வைத்திருந்த இரண்டாவது உலக்கையை எடுத்து உரலின் மறுபக்கம் போய் நின்றாள்.

"வண்டி நிக்குது" என்றாள் ஜெப்பு வேப்பமரத்தைப் பார்த்து. "சில பேருக்குக் கண்ணு தெரியாது போல."

கும்போ உலக்கையைத் தூக்கினாள். ஜெப்புவின் உலக்கை இறங்கும்போது அவளுடையது ஏறியது. அவளுடையது இறங்கும்போது ஜெப்புவுடையது ஏறியது. குறுகிய வாய் உள்ள உரல் அது. ஒரு விரற்கடை பிசகினாலும் இரண்டும் மோதும். மோதவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. இந்தச் சீமையில் எந்த இரண்டு பெண்களையும் ஒரு உரலில் விட்டால் இப்படி இடிப்பார்கள் என்று யாகனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டும் கண்ணை எடுக்க முடியவில்லை.

வாசலருகே யுகுடா இறங்கி நின்றுகொண்டிருந்தார். தோல் பையை மார்போடு அணைத்தபடி, வருவதா வேண்டாமா என்று தெரியாமல். ஜிப்ரின் ஒரு தடவை ஹாரன் அடித்தான். யாகனா கையிலிருந்த கும்போவின் தாளை விரித்து, உறவு என்று போட்டிருந்த கட்டத்தின்மேல் பேனாவை வைத்தாள். மை ஒரு புள்ளியாக ஊறத் தொடங்கியது. எதிரே இரண்டு உலக்கைகளும் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. உரலின் வாயிலிருந்து மெல்லிய மரத்தூள் எழும்பி, கும்போவின் கையிலும் ஜெப்புவின் கையிலும் ஒரே மாதிரி படிந்தது.